அழிக்க முடியாத பக்கம்

"மறுபடியும் அழிச்சுட்டாங்க!"

காவியா கத்தியது யார் காதிலும் விழவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய கம்பெனிச் சங்கு அதைவிடப் பெரிதாக அலறியது.

"ஏனம்மா, போலீஸா?" கீழே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்காரர் ஆஞ்சப்பன் பதறினார்.

"இல்லண்ணா, நம்ம சங்குதான்!"

மத்திகிரியில் அந்த மாடியை வாடகைக்கு விட்ட நாளிலிருந்து ஆஞ்சப்பனுக்கு நிம்மதி இல்லை. வாசலில் 'ஹேக்கர்ஸ்பேஸ்' என்று போர்டு தொங்குகிறது. ஹேக்கர் என்றால் பேங்க்கில் கை வைக்கிறவன்தானே?

உண்மையில் அது ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் காலேஜ் பிள்ளைகளும் மிஷின்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிற பொது இடம். கற்றதையெல்லாம் இணையத்தில் தங்கள் விக்கியில் எழுதி வைப்பார்கள். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். அந்த விக்கியைக் கட்டிக் காப்பவள் காவியா.

ஒரு வாரமாக யாரோ ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அழித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்காகத்தான் இன்று காலை சங்கை விக்கியோடு இணைத்திருந்தாள். அந்தப் பக்கத்தை யாராவது அழித்தால் சங்கு ஊதும்.

அது அவள் எழுதிய பக்கம். இரும்புத் தகடு வெட்டுகிற பிரஸ் மிஷினில் கை உள்ளே போனால் அதை நிறுத்துகிற சென்சார் பழுதானால், அதை ஏமாற்றி மிஷினை ஓட்டிப் பார்ப்பது எப்படி என்பது விஷயம். காயலான் கடையில் வாங்கிய பிரஸ் சும்மா சும்மா நின்றபோது, மண்டையை உடைத்துக்கொண்டு அவளே கண்டுபிடித்த வழி. நாளைக்குப் பெங்களூரில் ஹேக்கர்ஸ்பேஸ்காரர்கள் கூட்டம். அங்கே மேடை ஏறி அவள் காட்டப் போவது இந்தப் பக்கத்தைத்தான்.

"விக்கில எதையும் அழிக்க முடியாதுன்னு அந்த மடச் சாம்பிராணிக்குத் தெரியல" என்றபடி காவியா மவுஸைத் தட்டினாள். பழைய பதிப்பு அப்படியே திரும்பி வந்தது. "பாத்தியா? ஒரே தட்டு!"

"சூப்பர்க்கா" என்றாள் மூலையில் இருந்த ப்ரீதா.

இடத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். வந்த நாளிலிருந்து, பிளாஸ்டிக்கை உருக்கி உருவம் செய்கிற பிரிண்டரே கதி என்று கிடக்கிறாள். ஏதோ காலேஜ் கண்காட்சிக்குப் பொம்மைக் கை செய்கிறாள் போல. பிரிண்டரை ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே காவியாதான்.

"உன் பொம்மைக்கு மூணாவது விரல்தானே ஓடுது? மிச்சம் ரெண்டு எப்போ?"

"மூணு போதும்க்கா."

"அதென்ன கணக்கோ! சரி, அதையும் விக்கில எழுதுடி. எதுக்குச் செஞ்சே, யாருக்குச் செஞ்சேன்னு போடு. எத்தன வாட்டி சொல்றது?"

ப்ரீதா தலையைக் குனிந்துகொண்டாள்.

காவியா விக்கியின் பதிவைத் திறந்தாள். அழித்தது யார் என்று பேர் இல்லை. எங்கிருந்து என்று மட்டும் இருந்தது. பார்த்ததும் முகம் சிவந்தது.

"டேய் வெஸ்லின்! இது நம்ம வைஃபைடா!"

அவளோடு சேர்ந்து இந்த இடத்தை நடத்துகிற வெஸ்லின் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே திரும்பினான். "அதுக்கு?"

"இந்த ரூம்ல இருந்துதான் அழிச்சிருக்காங்க. பெங்களூருக்கு என்னைக் கூப்பிட்டாங்கன்னு வயித்தெரிச்சல் யாருக்கு?"

"எனக்கா? ஏம்மா, பெங்களூர் என்ன அமெரிக்காவா? அத்திப்பள்ளி தாண்டினா வந்துடப் போகுது!"

"அந்தப் பக்கத்தைப் போடாதேன்னு சண்டை போட்டது நீதானே?"

"போடாதேன்னு எங்கே சொன்னேன்? சோதனைக்கு மட்டும்னு மேல பெருசா போடுன்னேன். பக்கம் அசிங்கமா இருக்கும்னு நீதான் கீழ எறும்பு மாதிரி போட்டே."

"அத்தனை பேரு படிக்கறாங்க, அது பொறுக்கல உனக்கு! ஷிப்ட் மாறற நேரத்துல கூட்டம் எப்படி எகிறுது தெரியுமா? சிப்காட் கம்பெனிங்க மொத்தமும் என் பக்கத்தைப் படிக்குது. நீ இனிமே இந்தப் படி ஏறாதே. சாவியை வெச்சுட்டுப் போ!"

வெஸ்லின் முகம் சுருங்கியது. இரண்டு கைகளிலும் ஈரக் கிளாஸ்களோடு அப்படியே நின்றான்.

சங்கு அலறியது.

காவியா வெஸ்லினின் கைகளைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். ப்ரீதா செல்போனை மறைக்கக்கூட இல்லை. திரை தெரியும்படி மேஜை மேல் வைத்தாள். காலியான அதே பக்கம்.

"வெஸ்லின் அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான்."

"நீயா?" காவியா மேஜைக்கு அருகே வந்தாள். "ப்ரீதா... உனக்கு நான் என்னடி பண்ணேன்? அ, ஆ போல ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தேனே!"

ப்ரீதா பிரிண்டரிலிருந்து கடைசி விரலை எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. மற்ற இரண்டோடு சேர்த்து வைத்தாள்.

"இது கண்காட்சிக்கு இல்லக்கா. எங்க ஸ்டீவ் அண்ணனுக்கு. பிரஸ்ல வலது கை மாட்டிக்கிச்சு."

"ஐயோ!" காவியா பதறிப் போனாள். "கை உள்ளே போனா மிஷின் நின்னுடுமேம்மா. சென்சார் என்ன ஆச்சு?"

"சூப்பர்வைசர் அதை ஏமாத்தி வெச்சிருந்தாரு. வழியை பிரிண்ட் எடுத்து மிஷின்லயே ஒட்டியிருந்தாரு. அந்தப் பேப்பர்ல உங்க பேரைப் பாத்துட்டுத்தான்க்கா நான் இந்த இடத்தையே தேடி வந்தேன்."