பம்பரின் உள்பக்கம்

“இது பம்பரா, இல்ல யார் வீட்டுக் கேட்டையாவது பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

ஸ்ரீநாத்தின் மனைவி ஸ்வாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டது, அந்த ஆவடி அடுக்குமாடியின் பார்க்கிங் முழுக்கக் கேட்டது. வாட்ச்மேன் முனியன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

ஸ்ரீநாத்துக்கு மானம் போனது. அம்பத்தூரில் ஐ.டி. வேலை, வயது முப்பத்தெட்டு, பழைய ஜீப் ஒன்று, புத்தம்புது வெல்டிங் மெஷின் ஒன்று. வீடியோ பார்த்தே தொழில் கற்றுக்கொண்டு, ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து, காடு மேடு ஏறும்போது ஜீப்புக்கு முன்னால் மாட்டுவதற்காக அந்த இரும்பு பம்பரைச் செய்திருந்தான்.

முதல் வாரம் வெல்டிங் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. இரண்டாம் வாரம் முகமூடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்ததில், கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். ஸ்வாதிதான் வெள்ளரிக்காய் நறுக்கிக் கண்ணில் வைத்தாள். வைத்த கையோடு அதைப் படம் பிடித்து சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டாள். அவளுக்குக் கொஞ்சமும் ஈவிரக்கம் கிடையாது என்பது ஸ்ரீநாத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

“வெல்டிங்கா இது? வரிசையா காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு.”

“பாக்கத்தான் அப்படி. யானையே கட்டலாம்!”

“யானை எதுக்கு மாமா, நான் இருக்கேன்” என்று நடுவில் புகுந்தான் அவள் தம்பி விக்ரம். இரும்போடு புழங்குகிற தொழிற்சாலைக்காரன். “அடுத்த ஞாயித்துக்கிழமை இதை ஜீப்புல மாட்டிக்கிட்டு வேப்பம்பட்டுப் பக்கம் சேத்துல இறக்குங்க. பம்பர்ல கயித்தக் கட்டி என் வண்டியால வெளிய இழுக்கறேன். தாங்குச்சுன்னா நீங்க கில்லாடி. பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா மெஷின வித்துடணும்.”

“சரிடா, வா பாத்துக்கலாம்!”

அதோடு விட்டானா? ‘நூறு சதவீதம் என் கைவேலை’ என்று படத்தோடு குரூப்பில் வேறு அறிவித்துவிட்டான்.

புதன்கிழமை ஆபீஸ் விட்டு வந்தபோது ஸ்வாதியின் துப்பட்டாவில் கறுப்பு பெயிண்ட் அப்பியிருந்தது. என்ன என்று கேட்டான்.

“உங்க கருமாந்திரத்துல உரசிட்டேன். அதை நட்ட நடுவுல போட்டு வச்சா மனுஷி எப்படி நடக்கறது?”

ஏன்டா கேட்டோம் என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை, சும்மா இருக்க மாட்டாமல் மிச்சமிருந்த இரண்டு இரும்புத் துண்டுகளை அதே மாதிரி வெல்டு செய்து, சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். பிஸ்கட் கணக்காய் இரண்டாகப் போனது.

நாளைக்கு விக்ரம் இழுக்கிற இழுப்பில் பம்பர் அவன் வண்டியோடு போய்விடும். மெஷினும் போய்விடும். ஸ்வாதி அதைச் சொல்லிச் சொல்லியே பேரன் எடுக்கும் வரை சிரிப்பாள்.

முனியனைத் தனியாகக் கூப்பிட்டான்.

“யாருக்கும் சொல்லாத. நல்ல வெல்டர் யாராவது தெரியுமா?”

“பூந்தமல்லில கலீல் பாய் கீறாரு சார். வேல கெட்டி” என்றான் முனியன், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

ஸ்வாதியிடம் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, முனியனோடு சேர்ந்து பம்பரைத் துணியில் சுற்றித் தூக்கி ஜீப்பின் பின்னால் ஏற்றினான். போன வாரத்தைவிடக் கனம் கூடின மாதிரி இருந்தது. பயத்தில் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

கலீல் ரகுமான் பட்டறையில் கேட், ஏணி, உட்காரும் ஸ்டூல் என்று எதைப் பார்த்தாலும் ஓரத்தில் வெல்டால் வைத்த மூன்று பொட்டு இருந்தது. “அது நம்ம கையெழுத்து சார்” என்றார் அவர். துணியை விலக்கிப் பம்பரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா சார் இது? யாரு அட்ச்சது?”

ஸ்ரீநாத் அக்கம்பக்கம் பார்த்தான்.

“என் ஃப்ரெண்டு ஒருத்தன் பாய். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவன். சொன்னா கேக்க மாட்டான்.”

“ஃப்ரெண்டா?”

“ஆமாம் பாய். அறிவே கிடையாது அவனுக்கு. காக்கா எச்சம் மாதிரி போட்டு வச்சிருக்கான் பாருங்க!” என்று தானே முந்திக்கொண்டு சிரித்தான். “உள்பக்கம் மட்டும் கெட்டியா அடிச்சுக் குடுத்துடுங்க. வெளிய அப்படியே இருக்கணும். யாருக்கும் தெரியக் கூடாது.”

கலீல் ரகுமான் பம்பரைப் புரட்டிப் போட்டார். உள்பக்க மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார்.

புதுக் கறுப்பு பெயிண்டுக்கு அடியில் மூன்று பொட்டு.

ஸ்ரீநாத் குனிந்து பார்த்தான். அவன் வைக்காத இரண்டு கனமான பட்டைகள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடின.

“பொதங்கெயமையே முட்ச்சிட்டேன் சார். ஒரு மேடம் குட்டியானை வண்டில ஏத்திகினு வந்தாங்க. உங்க வாட்ச்மேனும் கூட வந்தான். இதே மாதிரிதான், உள்ள மட்டும் அடிங்க, வெளிய எதையும் தொடக் கூடாதுன்னாங்க. அந்த அசிங்கத்தையாவது தேச்சு உடறேன்னேன். உடவே இல்ல.”

ஸ்ரீநாத் அந்தப் பட்டைகளைத் தடவிப் பார்த்தான். “வேற... வேற என்ன சொன்னாங்க?”

கலீல் ரகுமான் துணியை எடுத்துப் பம்பரை மறுபடி பதமாக மூடினார்.

“ஃப்ரெண்டுன்னு சொல்லல சார். ‘என் ஊட்டுக்காரர் அவர் கையாலயே செஞ்சது பாய்’னு பெருமையாத்தான் சொன்னாங்க.”