நாக்கு மறந்த குலவை
மாலை வெயில் சாய்ந்து விழும் கூடத்தில், மருதாணிக்குக் கை நீட்டி அமர்ந்திருக்கிறாள் மணப்பெண். "அக்கா, நீ எடுத்துக் குடு. தெத்துவான் ஊர்லயே உன் குலவைக்குத்தானே பேரு" என்கிறாள் அவள் தாய் ரஹ்மா. நஜாத் வாயருகே கையைக் கொண்டுபோகிறாள். நாக்கு உருளவில்லை; வெறும் காற்றுதான் வருகிறது. "மேனேஜர் பொண்டாட்டியானதும் நாக்குக்கும் பவிசு வந்திருச்சு" என்று யாரோ சிரிக்கிறார்கள். புதினாத் தேநீரின் ஆவி அவள் மூக்குக்கண்ணாடியில் படிகிறது. கல்யாணமான புதிதில் அவள் குலவையைக் கேட்டுக் கணவர் ஒரே ஒரு முறை முகம் சுளித்தார். வேண்டாமென்று சொன்னதே இல்லை. வாயை மூடிக்கொண்டது இவள்தான். பொறுக்காமல் ரஹ்மாவே குலவையிட, பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொள்ள, கூடம் அதிர்கிறது. அந்த இரைச்சலின் மறைவில் நஜாத்தின் நாக்கு மெல்ல உருளத் தொடங்குகிறது. அவளுக்கே அது கேட்கவில்லை.