கொசுவுக்குக் காட்டிய முதுகு

“ஊசி போட்டதுல புத்தி பேதலிச்சுடுமா மேடம்?” என்று கேட்டாள் மலர்விழி.

நெய்வேலியில் டெங்கு தடுப்பூசிச் சோதனையை நடத்தும் டாக்டர் அன்னமேரி பேனாவைக் கீழே வைத்தார்.

“யாருக்கு?”

“எங்க வூட்டுக்காரருக்குத்தான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் சட்டையைக் கழட்டிட்டு, குவார்ட்டர்ஸ் தண்ணித்தொட்டி பக்கத்துல போயி குந்திக்கினு இருக்காரு. கொசு புடுங்குது, அடிக்கவும் மாட்டேங்கிறாரு. கேட்டா சிரிக்கிறாரு. மொதல்ல அவரு பேரை எடுத்துடுங்க. அடுத்து புள்ளைங்களுக்கும் போடப்போறீங்களாமே, எம் பொண்ணை அனுப்பவே மாட்டேன்.”

டாக்டர் வெளியே நின்ற அவள் கணவன் குமரவேலைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“எனக்குப் போட்டது மருந்தா, வெறும் உப்புத்தண்ணியான்னு உங்களுக்கே தெரியாதுன்னு சொன்னீங்க இல்லீங்களா?” என்றான் அவன். “வேலை செய்யுதான்னு தெரியாம பொண்ணை எப்படி அனுப்புறது? அதான் கடிக்க வுட்டுப் பாக்குறேன்.”

மலர்விழி அவன் கழுத்திலிருந்த கொசுக்கடித் தடிப்பைத் தடவிப் பார்த்தாள். டாக்டருக்குத்தான் கோபம் வந்தது.

“காய்ச்சல் முத்திப் போனா என்ன பண்ணுவீங்க? ஒரு ஆளை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னுதானே இத்தனை பேருக்குப் போடுறோம்?”

“ஒரு ஆள் இல்லீங்க மேடம். எங்க பிளாக்ல ஊசி போட்டுக்கினவங்க எல்லாரும் சேந்துதான் செய்யறோம். பாதிப் பேரு சட்டையோட, பாதிப் பேரு சட்டை இல்லாம.”

கோபத்தை மீறிக்கொண்டு டாக்டருக்கு ஆர்வம் வந்துவிட்டது. “யாரு சட்டையைக் கழட்டணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“சீட்டுக் குலுக்கித்தான். நீங்களும் எங்களை அப்படித்தானே பிரிச்சதா சொன்னீங்க?”