நாலாவது பேட்டரி

கரண்ட் போனதும் லிஃப்டை அடுத்த மாடிவரை இழுத்துவிட வேண்டிய பேட்டரிகள் இழுக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட மேனேஜர் தணிகாசலம் கதவைக் குத்தினார். "யோவ் இருதயராஜ்! போன வாரம்தானேய்யா புது பேட்டரி போட்டோம்?"

"மூணுதான் சார் புதுசு" என்று வெளியிலிருந்து கத்தினான் மெக்கானிக். "நாலையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து மாட்டியிருக்கு. ஒண்ணு செத்தா நாலும் செத்த மாதிரின்னு அடிச்சுக்கிட்டேன். 'ஒண்ணுதானே, மத்தது இழுக்கும்'னீங்க."

போன மாதம் இதே லிஃப்டில் அடைபட்டு மூச்சுத்திணறிச் செத்தாள், மாடி கூட்டும் ஆரோக்கியமேரி. அன்றைக்கும் அவர் அப்படித்தான் சொன்னார்: "ஒருத்திதானே, மத்தவங்க கூட்டட்டும்."

"திறய்யா, மூச்சு முட்டுது!"

சாவி இருதயராஜின் கையில்தான் இருந்தது. கட்டடத்தில் எங்குமே துடைப்பச் சத்தம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். திரும்பினான். படிக்கு ஒருத்தியாகப் பதினொரு பெண்கள் நின்றிருந்தார்கள். மேல்படியில் இருந்தவள் கையை நீட்டினாள். கொடுத்தான். சாவி கைமாறிக் கைமாறிக் கீழே இறங்கியது. கடைசியில் நின்றவள் ஆரோக்கியமேரியின் தங்கை. வாங்கியதும் அவள் விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.