அட்வான்ஸ் கடா

கடாவின் முதுகில் மூன்றாவது சொம்புத் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. அது துலுக்கவில்லை.

உடம்பை ஓர் உதறு உதறிச் சிலிர்த்தால் கருப்பர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். வெட்டலாம். இல்லையென்றால் அரிவாளை ஓங்கக் கூடாது. திருவரங்குளம் வட்டாரத்தில் மனிதர்களின் சம்மதத்தை இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்பதில்லை.

மின்னல்வேகக் கபடிக் குழுவின் புது சீசன் அந்த ஓர் உதறலுக்காகக் காத்திருந்தது.

புது ஜெர்சியில் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். முதுகில் அவரவர் பெயர். நெஞ்சில் தலைவர் ரகுநாத்தின் படம். கோவில் வாசல் பிளக்ஸிலும் அவர்தான், ‘கபடியின் காவல் அரண்’ என்ற பட்டத்தோடு தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் ஆடுகளத்துக்குள் காலெடுத்து வைத்ததெல்லாம் மைக் வாங்கத்தான்.

கடா சேவுகனுடையது.

எல்லைக்கோட்டு ஓரம் நின்று குழுவுக்காகக் கத்துகிறவர் சேவுகன். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மறுநாள் ரேஷன் கடையில் சைகையில் சர்க்கரை கேட்பார்.

ஒரே ஒரு கோப்பை வரட்டும், கடா வெட்டுகிறேன் என்று இது குட்டியாக இருந்தபோதே நேர்ந்துவிட்டார். நேர்ந்ததை விற்க முடியாது. குழம்பு வைக்கவும் முடியாது.

குழு வருடா வருடம் முதல் சுற்றிலேயே வெளியேறியது. கடா தாடி வளர்த்து, கொம்பு முறுகி, பல்லும் ஆடத் தொடங்கிவிட்டது. இப்போது அகத்திக்கீரையை சேவுகன்தான் கிள்ளிக் கிள்ளி ஊட்டுகிறார். தோற்றுவிட்டு வந்து அவர் புலம்பும்போது எழுந்து போகாமல் கேட்பது அது ஒன்றுதான்.

இந்த வருடம் ரெய்டர் விக்ரம் துபாய்க்குப் போய்விட்டான். இன்னொருவனுக்கு முழங்கால் போய்விட்டது. நிற்கும் ஏழு பேரில் இரண்டு பேர் வாலிபால் ஆடுகிறவர்கள்.

ஆனாலும் தை பிறந்ததும், இந்தத் தடவை அடிச்சுருவோம் என்று சேவுகன் டீக்கடையில் வழக்கம்போலச் சொன்னார். யாரும் சிரிக்கக்கூட இல்லை.

ரகுநாத்துக்கு அங்கேதான் யோசனை வந்தது. ஜெயித்த பிறகுதான் கடா என்றால் சாமிக்கு என்ன அவசரம்? அவருடைய மனை வியாபாரத்தில் அட்வான்ஸ் கைமாறினால்தான் காரியம் நகரும். கருப்பருக்கும் அதுதான் வழி என்றார்.

சேவுகன் மறுபேச்சுப் பேசவில்லை. கோப்பை வருமென்றால் வீட்டுக் கூரையைக்கூடப் பிரித்துக் கொடுத்திருப்பார். காலையில் கடாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, அவரே பிடித்து வந்தார்.

நாலாவது சொம்பு. மஞ்சள் தண்ணீர் காதோரம் வழிந்தது. கடா பிளக்ஸைப் பார்த்தபடி அசைபோட்டது.

ரகுநாத் நேரடியாகக் கருப்பரிடமே பேசிப் பார்த்தார், தன் பதவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி. கருப்பர் அசரவில்லை.

பூசாரி அடைக்கலம் அரிவாளைத் தாழ்த்தினார்.

“உத்தரவு இல்லீங்க. அடுப்ப அணைக்கச் சொல்லுங்க.”

கறிக்கு வந்தவர்கள் முதலில் கலைந்தார்கள். ரகுநாத் காரில் ஏறினார். வீரர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இனித் தோற்பதற்குக் காரணம் தேட வேண்டாம். அடைக்கலம் அரிவாளை வைக்க உள்ளே போனார்.

சேவுகன் மட்டும் நின்றார். ஊரார் எப்போதோ கைவிட்ட குழுவை இன்று சாமியும் கைவிட்டுவிட்டது. கடாவை அவிழ்க்கக் குனிந்தார்.

கடா சிலிர்த்தது.

கொம்பிலிருந்து வால்வரை, அரைகுறை இல்லாத உதறல். மஞ்சள் தண்ணீர் அவர் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது. நாலு சொம்பு ஊற்றிக் கேட்டும் கிடைக்காத உத்தரவு.

அவர் அசையவில்லை. கடா அவர் கையில் கீரை தேடியது.

உள்ளேயிருந்து அடைக்கலம் குரல் கொடுத்தார்.

“என்னண்ணே, ஏதும் துலுக்குச்சா?”

சேவுகன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“இல்லப்பா” என்றார். “இந்த வருசமும் இல்ல.”