இடது கால்

சந்தை நடுவில் ஒரு மரப்பெட்டி மேல் செங்கோடன் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் நடேசனின் கரப்பான் புண் களிம்புக்கு விளம்பரம். களிம்பு பூசிய வலது கால் ஆறிப் பளபளக்கும். பூசாத இடது கால் சீழ் வடிந்து நாறும். நடேசன் தகரத்தைத் தட்டிக் கூவினால், மூக்கைப் பொத்திக்கொண்டே சனம் நெருங்கி வந்து பார்க்கும்.

அன்று காலை இடது காலைப் பார்த்ததும் நடேசனுக்கு முகம் சுண்டிப்போனது. புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"திருட்டுத்தனமாப் பூசுனயா?"

"ரெண்டு காலும் ஆறுனாத்தான் கொழந்தையத் தொட உடுவேங்கறாளுங்க ஊட்டுக்காரி. பொறந்ததுலருந்து இன்னும் தூக்குல, மொதலாளி."

"தாராளமாத் தூக்கு. பெட்டி மேல உங்கொழந்தையா வந்து நிக்கும்?" நடேசன் தேங்காய் நாரை நீட்டினான். "நீயே தேய்க்கறயா, நாந் தேய்க்கட்டுமா?"

செங்கோடன் வாங்கித் தேய்த்தான். பொருக்கு பிய்ந்து, ரத்தமும் சீழும் குழைந்து கணுக்காலில் இறங்கின. நாரை எறிந்துவிட்டுப் பெட்டியில் ஏறினான். ஈக்களும் கூடவே ஏறின.

"ஏனுங், அந்தக் காலுக்கு மட்டும் மருந்து தீந்துபோச்சுங்களா?" என்றாள் தக்காளி விற்கிறவள். கூட்டம் சிரித்தது.

"அதுக்கும் பூசிப்போட்டா நீ எதப் பாத்து நம்புவ, அம்மிணி?" என்றான் நடேசன்.

அவள் அவனை விட்டுவிட்டுச் செங்கோடனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ சொல்லுய்யா. நெசமாலுமே கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க அக்கா," என்றான் அவன். "காலைல வரைக்கும் இந்தக் காலும் ஆறித்தான் இருந்துச்சு."

நடேசன் தகரத்தை ஓங்கித் தட்ட ஆரம்பித்தான்.