உச்சியில் ஒரு கற்குவியல்

ஃப்ரேம் போடும் கடையில் இரண்டு பழைய புகைப்படங்கள் எதிரெதிராகச் சாய்ந்து நிற்கின்றன. படங்களில் இருக்கும் இருவரும் ஒரே மலையில் ஏறியவர்கள். நான்தான் முதலில் என்று சாகும்வரை பத்திரிகைகளில் மல்லுக்கு நின்றவர்கள். நேரில் சந்தித்ததே இல்லை. “முதல்ல ஏறினவரைத்தான் மேல மாட்டணுமாம், யாருன்னுதான் தெரியல,” என்றபடி கடைக்காரர் ஆணி தேடி உள்ளே போகிறார். தரையில் கிடக்கும் மரத்தூள்மேல் வெயில் விழுகிறது. காத்திருக்கும் நான் மனதுக்குள் இருவரையும் படத்திலிருந்து இறக்கி, பசை வாளிக்கு இருபுறமும் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கிறேன். கொஞ்ச நேரம் ஒருவர் பூட்ஸை மற்றவர் பார்க்கிறார். தாடிக்காரர் தொண்டையைச் செருமுகிறார். “உச்சியில எங்க உட்கார்ந்தீங்க?” “எங்கங்க உட்கார்றது, காத்து ஆளையே தூக்குது,” என்கிறார் மீசைக்காரர். “ஏதோ ஒரு கல்லுக் குவியல் கிடந்துச்சு. அதுக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு ரொட்டியத் தின்னேன்.” தாடிக்காரர் நிமிர்கிறார். அந்தக் குவியல், மீசைக்காரர் ஏறியதற்கு முந்தின கோடையில் அவரே கையுறையைக் கழற்றிவிட்டு, விரல் மரத்துப்போக அடுக்கியது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார். இப்போது வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வேறொன்று கேட்கிறார். “காத்துக்கு நல்ல மறைப்பா இருந்துச்சா?” மீசைக்காரர் யோசித்துச் சொல்கிறார். “ஒரு கல்லுகூட அசையலங்க.” தாடிக்காரர் தலையாட்டிக்கொள்கிறார்.